நிறுத்தியபோது ஓடியது

பண்ணை வீடு, நெப்ராஸ்கா
மே 9, 1994

லூமிர் அண்ணனுக்கு,

இடுப்பில் வைத்த ஆணி எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம் என்றால், நான் கத்துவது பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கெல்லாம் கேட்கிறது, உன் செவிட்டுக் காதுக்கு மட்டும் ஏறுவதில்லை. போன தடவை "ஆமா, சூப் நல்லாருந்துச்சு" என்றாய். நான் கேட்டது ரத்தப் பரிசோதனையைப் பற்றி. அதனால் இனி கடிதம்தான்.

விஷயம் இதுதான். கவுண்டி நிர்வாக அலுவலகத்து ஆள் தபால் பெட்டியில் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஓடாத வண்டிகள் எல்லாம் ஜூன் 30க்குள் இங்கிருந்து போக வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்களே கிரேனோடு வந்து காயலான் கடைக்கு அள்ளிக்கொண்டு போவார்களாம். மேய்ச்சல் நிலத்தில் நீ வாங்கிப் போட்ட ஆறு வண்டி, ஷெட்டில் ஒன்று. "ஷெட்டுக்குள்ள இருக்கறதுமாய்யா?" என்று கேட்டேன். "கதவு இல்லாத ஷெட்டு கணக்குல வராது பாட்டி, ஓடுற வண்டின்னா மட்டும்தான் விடுவோம்" என்றான். பாட்டியாம்! அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

மேய்ச்சல் நிலத்து ஆறையும் விளம்பரம் போட்டு விற்றுவிடலாம். வாரப் பத்திரிகைக்கு எப்படி எழுதுவது என்று சொல். நீ பழைய வண்டித் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

ஏழாவதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். ரூடியின் ஹட்ஸன் கார். என் வீட்டுக்காரர் செத்த பிறகு, எழுபத்தொன்று பிப்ரவரியில், எங்கள் டவுன் வீட்டிலிருந்து நீதான் அதை ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினாய். "அடுத்த கோடைக்குள்ள புதுசாக்கி உன் கையில சாவி குடுக்கறேன்" என்று சவப்பெட்டி பக்கத்தில் நின்று சொன்னாய். இருபத்து மூன்று கோடை போய்விட்டது. அது ஓடுமா, ஓடாதா? ஒரு வார்த்தையில் பதில் போடு அண்ணா. ஓடாது என்றால் அதுவும் போகட்டும்.

ஆல்பினா


ஓமாஹா, முதியோர் மறுவாழ்வு இல்லம்
மே 14

தங்கச்சி ஆல்பினாவுக்கு,

ஆணி இருக்கிறது. நர்ஸ் பெண் என்னைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடத்துகிறாள். நம் தாத்தா காலத்து டிராக்டர் என்னைவிட வேகமாகப் போகும்.

விளம்பரம் எழுதுவதற்கு முறை இருக்கிறது. "துரு" என்று எழுதாதே, "தரைத் தகடு கொஞ்சம் கவனிக்க வேண்டும்" என்று எழுது. எலி கூடு கட்டியிருந்தால் "இருக்கைகள் அந்தக் காலத்தவை". கண்ணாடி இல்லையென்றால் "கண்ணாடி தவிர முழுமை". எல்லாவற்றுக்கும் கடைசியில் "நிறுத்தியபோது ஓடியது" என்று போடு. அது பொய்யே இல்லை. ஓடாமல் எப்படி அந்த இடத்துக்கு வந்து நின்றிருக்கும்?

வருகிறவன் டயரை உதைத்தால் பேசாமல் இரு. மண்டியிட்டு அடியில் பார்த்தால் விலையைக் குறைக்காதே, அவன் வாங்கத்தான் போகிறான். முக்கியமாக, வண்டிக் காகிதத்தில் இருக்கும் எண்ணை விளம்பரத்தில் தவறாமல் போடு. அந்தக் கால வண்டிகளுக்கு இன்ஜினில் குத்தியிருக்கும் எண்தான் காகிதத்திலும் இருக்கும். விவரம் தெரிந்தவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

ரூடி வண்டியை விளம்பரத்தில் போடாதே. அது ஓடும். நான் விழுவதற்கு முந்தின சனிக்கிழமைகூட ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கால் சுற்று சுற்றி வைத்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. பேட்டரி, டயர், சின்னச் சின்ன வேலை பாக்கி. ஜூன் கடைசிக்குள் நான் வந்துவிடுவேன். பானட்டைத் திறக்க முயலாதே, கம்பி அறுந்திருக்கிறது, கையைக் கடித்துவிடும்.

லூமிர்


பண்ணை வீடு
மே 26

அண்ணா,

ஐந்து போய்விட்டன! பச்சை பிக்கப்புக்கு மட்டும் இரண்டு பேர் சண்டை. ஒருவன் மண்டியிட்டான், நீ சொன்னபடி நான் விலையைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் அந்த ஆறில் உயிர் இருந்த ஒரே வண்டி. பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். "உள்ள ஏதோ தட்டுதே" என்று அவன் இழுக்க, நான் நேராகப் போய்த் துடைப்பக் கட்டையை எடுத்து வந்து ஒரு முனையை இன்ஜினில் வைத்து, மறு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். நீ செய்வாயே, அதேதான். காது போன பிறகும் நீ எப்படி வண்டி பார்த்தாய் என்று இப்போதுதான் புரிந்தது. மண்டைக்குள்ளேயே கேட்கிறது! "தண்ணி பம்ப்தான், வேற ஒண்ணுமில்ல" என்று சும்மா அடித்துவிட்டேன். நிஜமாகவே தண்ணி பம்ப்தானாம்.

ஆறாவதை யாரும் சீண்டவில்லை. அதற்குள் ஒரு மரமே முளைத்திருக்கிறது.

இப்போது திட்டாமல் படி. ஏழாவதையும் விளம்பரத்தில் போட்டுவிட்டேன். நீ ஜூன் கடைசியில் வருவாய் என்கிறாய், நர்ஸ் பெண் ஆகஸ்ட் என்கிறாள். கிரேன் ரூடியின் வண்டியைக் கவ்வித் தூக்குவதை நான் பார்க்க மாட்டேன். தெரிந்தவன் யாராவது எடுத்துப் போனாலாவது எங்கோ ஓடும். மேஜை இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்து எண்ணையும் போட்டுவிட்டேன், நீ சொன்ன முறைப்படி. உன்னைக் கேட்காமல் செய்தது உறுத்தத்தான் செய்கிறது.

ஆல்பினா


ஓமாஹா
மே 30

ஆல்பினா,

விளம்பரத்தை உடனே எடு. போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டாயா? அந்தப் பத்திரிகை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அயோவாவுக்கும் போகிறது. அங்கிருந்து யாராவது வந்தால் விற்றுவிட்டது என்று சொல்லிவிடு. ஷெட்டுக்குள் விடாதே. காகிதத்தைக் காட்டாதே. பானட்டைத் தொடவே தொடாதே.

நான் கோபப்படவில்லை. மாத்திரையோடு நர்ஸ் பெண் வந்து நிற்கிறாள், அவசரமாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

லூமிர்


பண்ணை வீடு
ஜூன் 8

அண்ணா,

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். கசகசா வைத்த கொலாச்சே ரொட்டி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், நர்ஸ் பெண்ணுக்கும் கொடு. எல்லாவற்றையும் நீயே முழுங்காதே.

உன் மனசு சமாதானமாகட்டும் என்று ஒன்று சொல்கிறேன். நீ சொன்னது சரி. ரூடியின் இன்ஜின் வெண்ணெய் மாதிரிதான் சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை என் காதாலேயே கேட்டேன். புகையில்லை, உதறலில்லை. "டிக், டிக்" என்று ஒரு சின்னத் தட்டல் மட்டும் இருக்கிறது. ரூடி ஓட்டிய காலத்தில் அது கிடையாது. அது என்னவென்று உனக்குத்தான் தெரியும்.

அதைப் பற்றி எனக்கு எழுத உன்னிடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது. நான் காத்திருக்கிறேன்.

ஆல்பினா


ஓமாஹா
ஜூன் 12

ஆல்பினா,

உன் கடிதத்தை எட்டுத் தடவை படித்துவிட்டேன். கொலாச்சே டப்பாவை அப்படியே நர்ஸ் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

ரூடியின் இன்ஜின் சுற்றுவதைக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த வண்டியில் இன்ஜினே இல்லை, தங்கச்சி. இருபது வருஷமாக இல்லை.

இந்தக் கிழவன் படுக்கையில் கிடந்து நொந்துகொள்ளக் கூடாது என்று எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாய். தட்டல் சத்தத்தையும் சேர்த்து, பொய்க்கு மூக்கும் முழியும் வைத்திருக்கிறாய். சின்ன வயசிலிருந்து பொய்யே சொல்லத் தெரியாதவள் நீ. என் பொய்யைக் காப்பாற்ற நீ பொய் சொல்லும் நிலைமைக்கு உன்னைக் கொண்டுவந்து விட்டேனே! இதற்கு மேல் என்னால் மறைக்க முடியாது.

எழுபத்து நாலு அக்டோபர். என்னிடம் இருந்த ஹட்ஸன் கன்வர்டிபிளை நினைவிருக்கிறதா, ஆரஞ்சு நிறம், துணிக்கூரை? மூன்று வருஷம் பாடுபட்டுப் புதுசாக்கி வைத்திருந்தேன். அயோவாவிலிருந்து டோலெஃப்சன் என்று ஒருவர் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. செவ்வாய்க்கிழமை ராத்திரி திடீரென்று உறைபனி. ரேடியேட்டரில் நான் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன், வடிக்க மறந்துவிட்டேன். பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யாத தப்பு. காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் பனிக்கட்டியாகி இன்ஜின் நெடுக விரிசல் விட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் காபிக் கடை மேஜையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு இருந்தேன். "சாவியைத் திருப்பினதும் பூனை மாதிரி உறுமும் பாருங்கடா" என்றேன். உன் வண்டி ஷெட்டில் சும்மா நின்றது. அதே இன்ஜின், அதே வருஷம். இந்தத் தொழிலில் ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பிழைக்க வைப்பது வழக்கம்தான். "இப்போதைக்கு" என்று சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லிக்கொண்டேன். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளில் ரூடியின் இன்ஜினை இறக்கி அதில் ஏற்றினேன். டோலெஃப்சன் எண் பொருந்தவில்லையே என்று கேட்டார். "காகிதம் எழுதினவன் தப்பாப் போட்டுட்டான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வசந்தத்தில் வேறொரு இன்ஜின் தேடி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கிடைத்ததெல்லாம் ஓட்டை. பிறகு தேடுவதையும் விட்டுவிட்டேன். இன்ஜின் இல்லாத வண்டிக்கு மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். நீ தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்துவிடுமோ என்று உள்ளே ஆறு மணல் மூட்டை வைத்து அழுத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிச் சொல்வார்கள், நான் மணலில் மறைத்தேன்.

உன் பெண் மெர்லின் தன் கல்யாணத்துக்கு அப்பா வண்டியில்தான் போவேன் என்று அடம்பிடித்தாளே. "ஒரு சாமான் வர லேட்டாகுதும்மா" என்று அவள் கன்னத்தைத் தட்டினேன். அவள் அடுத்த வீட்டுக்காரன் காரில் சர்ச்சுக்குப் போனாள். அன்று வறுத்த வாத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்து, "என்ன அண்ணா, கட்டிக்குடுத்த துக்கமா?" என்று தோளைத் தட்டினாய். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் இசைக்காரர்கள் போல்கா நடனப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிரேன் வந்தால் எடுத்துப் போகட்டும். அதில் ரூடி இல்லை.

லூமிர்


பண்ணை வீடு
ஜூன் 18

அண்ணா,

நான் பொய் எழுதவில்லை. எழுதியதை எடுத்து மறுபடி படி. வண்டியில் இன்ஜின் இருக்கிறது என்று எங்காவது எழுதியிருக்கிறேனா? சுற்றுகிறது, கேட்டேன் என்றுதான் எழுதினேன்.

ஜூன் ஐந்து, ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சரளைக்கல் ரோட்டின் திருப்பத்தில் ஒரு சத்தம். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை அண்ணா, யோசிக்கவே இல்லை. கையில் ஈரத் துணியோடு வாசலுக்கு ஓடி, கேட்டைத் திறந்துவிட்டு நின்றேன். டவுன் வீட்டில் தினமும் ஆறு மணிக்கு அப்படித்தானே ஓடுவேன். கேட்டைத் திறந்த பிறகுதான் எனக்கு அறுபத்தாறு வயசு, ரூடி கல்லறையில் இருக்கிறார் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆரஞ்சு நிற கன்வர்டிபிள் ஒன்று உள்ளே வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு கிழவர் இறங்கினார். நான் துணியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பாவம் அந்த மனுஷர், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பயந்துபோனார்.

வெர்ன் டோலெஃப்சன்தான். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இருபது வருஷமா என் காகிதத்துல ஒரு நம்பர், இன்ஜின்ல ஒரு நம்பர். வித்தவரு ஏதோ சொன்னாரு, நான் நம்பல. ஆனா வண்டி நல்லா ஓடுச்சா, வாய மூடிட்டேன். போன வாரம் உங்க விளம்பரத்துல இந்த நம்பரப் பாத்தேன். என் போன் நம்பர்கூட எனக்கு இவ்வளவு நல்லாத் தெரியாது" என்றார்.

நீ சொன்னபடி விற்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உன் கடிதம் ஏப்ரன் பையில்தான் இருந்தது. "வாங்கய்யா, பாக்கலாம்" என்று ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். பானட்டை அவர்தான் திறந்தார். கம்பி அறுந்திருக்கவில்லை. உன் ஆறு மணல் மூட்டையும் இருந்தது, ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க உன்னைச் சபித்தேன். அப்பா காலத்துச் செக் மொழி வசவு எல்லாம் வந்தது. மறக்கவில்லை. மெர்லினைப் பற்றி நினைத்தபோது ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் உன் தகரப் பெட்டி வீட்டின் கதவை உதைத்தேன், இன்னும் பெருவிரல் வீங்கியிருக்கிறது. இதை உனக்கு இலேசாக்கிவிட மாட்டேன். நீ செய்தது பாவம்தான்.

ஆனால் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எல்லோர் முன்னாலும், "என்ன அண்ணா, அடுத்த கோடையா?" என்று கேட்டு உன்னைக் குத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள், நீ தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ரூடி செத்ததற்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது, நீ கிடைத்தாய். அப்படிக் குத்துகிறவளிடம் யார்தான் வாய் திறந்து உண்மையைச் சொல்வார்கள்? எல்லாம் தெரிந்த பிறகும் அந்தக் கடிதத்தை எழுதி, ஆணி வைத்த இடுப்போடு கிடப்பவனை இழுத்தடித்தேன். நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்று. சொல்லிவிட்டாய். படித்துவிட்டு எனக்குத்தான் வெட்கமாகப் போனது.

வெர்ன் இன்ஜினைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், நிஜமாகவே. "ஓடறத நிறுத்தி ஓடாததுல வெச்சு என்னய்யா செய்யறது?" என்றேன். ரூடியின் வண்டியை அவர் இன்னொரு நாள் டிரெய்லரோடு வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார், காகிதத்தையும் கொடுத்துவிட்டேன். அந்த எண் அதன் இன்ஜினோடு போகட்டும். ஷெட் காலியாக இருக்கிறது. கவுண்டி ஆள் வந்து பார்த்துவிட்டு, மரம் முளைத்த ஆறாவதை மட்டும் முறைத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஜூலை நாலாம் தேதி வெர்ன் தன் ஊர் சுதந்திர தின ஊர்வலத்துக்குப் போகாமல் ஓமாஹாவுக்கு வருவார். காலை பத்து மணி. நர்ஸ் பெண்ணிடம் சொல்லி வாசலுக்கு வந்துவிடு. கூடவே துடைப்பக் கட்டையையும் எடுத்து வா. அந்தத் தட்டல் என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆல்பினா


ஓமாஹா
ஜூலை 4

ஆல்பினா,

வந்தார். வாசலில் எல்லோரும் சக்கர நாற்காலியில் சின்னக் கொடியோடு உட்கார்ந்திருந்தோம். வண்டி வந்து நின்றதும் மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. "அந்தக் காகிதம் விஷயத்துல நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்று அவர் பூட்ஸைப் பார்த்தே சொன்னேன். அவர் பதில் சொன்னாராம். நர்ஸ் பெண் அட்டையில் எழுதிக் காட்டினாள்: "தெரியும். பானட்டைத் திறக்கவா?"

சமையலறைத் துடைப்பத்தைக் கேட்டு வாங்கினேன். ஒரு முனையை இன்ஜின் மேல் ஊன்றி, மறு முனையைக் கடித்தேன். என் பல் கட்டினது, அதனால் ஈறு வலித்தது. ஆனால் கேட்டது. முதலில் அந்த டிக் டிக்தான் கேட்டது.

அது வால்வைத் தள்ளும் டேப்பட், தங்கச்சி. ஆறாவது சிலிண்டரில் ஒன்று. எழுபத்து நாலில் அந்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சரிபார்த்து வந்தேன், கடைசி ஒன்று கைக்கு எட்டாத மூலை. சனிக்கிழமை விடியப்போகிறது, போதும் என்று விட்டுவிட்டேன். இருபது வருஷமாக வெர்ன் அந்தத் தட்டலோடு ஓட்டியிருக்கிறார். ஹட்ஸன் என்றாலே இப்படித்தான் என்று நினைத்தாராம். ரூடியின் குறை இல்லை அது. என்னுடையது.

வண்டியிலேயே ஸ்பேனர் இருந்தது. வெர்னுக்கு எழுபத்தொன்பது வயசு. சட்டையைக் கழற்றிவிட்டு, சூடான இன்ஜினுக்குள் கையை விட்டு, கையைச் சுட்டுக்கொண்டு திருகினார். நான் கட்டையைக் கடித்தபடி விரலால் காட்டினேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும். ஒரு மணி நேரம் ஆனது. நர்ஸ் பெண் இரண்டு பேரையும் திட்டினாள், எனக்குக் கேட்காதது நல்லதாய்ப் போயிற்று. தட்டல் நின்றது. அப்புறமும் கட்டையை எடுக்க மனசு வராமல் கடித்துக்கொண்டே இருந்தேன். ரூடி ஆறு மணிக்கு வருகிற சத்தம் அது. எழுபத்தொன்றில் கடைசியாக நான்தான் ஓட்டி வந்தேன், எனக்குத் தெரியாதா?

நீ மன்னிக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வந்தால் ஒரு தட்டு வை, போதும்.

இதைத் தபாலில் போடவில்லை. வெர்ன் நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஆறு மணிக்குச் சரியாக வந்து சேரும்படி சொல்லியிருக்கிறேன். நீ இதைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டைத் திறந்திருப்பாய்.

லூமிர்